கேட்காத பிள்ளைக்கு ஒரு ஜீப்

ஊத்துக்களம் அர்த்தநாரியின் மகள் மயிலாத்தாளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இதில் சர்க்காரின் குற்றம் எதுவும் இல்லை. பொள்ளாச்சியில் காது கேளாத பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். அதிலும் குற்றம் இல்லை. ஊத்துக்களம் மட்டும் கோபாலபுரம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம், பாலக்காடு ஜில்லாவில் இருந்தது. எல்லாக் குற்றமும் அங்கேதான் ஆரம்பித்தது.

எட்டு வயதுப் பிள்ளையை பஸ்ஸில் ஏற்றிவிட்டால் கண்டக்டர் இறக்கிவிட்டார்.

"பஸ் ஓடுறதே விசில்லதானுங்க. விசில் கேட்காத புள்ளைய எப்படி ஏத்தறது?"

விசிலைக் கேட்க வேண்டியவர் டிரைவர்தான் என்று அர்த்தநாரி எடுத்துச் சொல்வதற்குள் பஸ் போய்விட்டது.

அதனால் சைக்கிளில் கொண்டுபோனார். பிள்ளையை விட்டுவிட்டு வீடு திரும்பி ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தால், திரும்பக் கூட்டிவரக் கிளம்பும் நேரமாகிவிடும். கடலைக்காட்டில் கடலையைத் தவிர மற்றதெல்லாம் செழித்தது.

"இப்படியே போனா புள்ள படிச்சுப்போடும், நாம பட்டினி கெடப்போம்" என்றாள் அவர் மனைவி சுப்பாத்தாள். ஆனால் பள்ளிக்கூடத்தை நிறுத்தலாம் என்று அவள் ஒரு நாளும் சொல்லவில்லை. போன மாசம்தான் மயிலாத்தாள் தாயின் கன்னத்தில் கைவைத்து, உதட்டைக் குவித்து, "ம்மா" என்று ஒரு சத்தம் எழுப்பியிருந்தாள்.

அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சர்க்கார் வண்டி கொடுக்கும் என்று யாரோ சொன்னார்கள். அர்த்தநாரி பாலக்காட்டு ஆபீசுக்குத் தமிழில் ஒரு மனு கொடுத்தார். அதை மலையாளத்தில் பெயர்க்கும் பொறுப்பு குமாஸ்தா குட்டிசங்கரனுடையது. பழனிக்கு இரண்டு தடவை போய்வந்தவர் என்பதால் அவர் தமிழ் தெரிந்தவராகக் கருதப்பட்டார்.

"மகளுக்கு வண்டி வேண்டா, அல்லே?" என்றார் குட்டிசங்கரன்.

"ஐயோ, வேணுமுங்க!"

"பின்னே, 'குழந்தை கேட்காது'ன்னு நீங்கதானே எழுதியிருக்கு?"

"ஆமாங்க. சுத்தமாக் கேட்காதுங்க."

"கேட்காத குழந்தைக்கு சர்க்கார் எந்தினு வண்டி கொடுக்கணும்?"

மலையாளத்தில் காது செய்யும் வேலைக்கு ஒரு சொல், வாய் செய்யும் வேலைக்கு வேறொரு சொல். தமிழர்கள் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துச் சிக்கனமாகக் காலம் தள்ளுவது ஆபீசுக்குத் தெரியாது. பழனியில் குட்டிசங்கரன் பழகிவந்தது வாயின் அர்த்தத்தை மட்டும். 'மேற்படி குழந்தை எதையும் கேட்டு வாங்கும் சுபாவம் உடையதல்ல' என்று ஃபைல் மூடப்பட்டது.

அர்த்தநாரி புத்திசாலி. அடுத்த மனுவில், 'குழந்தை வண்டி கேட்கிறது' என்று திருத்தமாக எழுதினார்.

அதற்குள் குட்டிசங்கரன் ஓர் அகராதி வாங்கிவிட்டார். பதில் வந்தது: 'குழந்தைக்கு வண்டிச் சத்தம் கேட்கிறதெனத் தகப்பனாரே ஒப்புக்கொண்டிருப்பதால், செவிட்டுத்தன்மை நீங்கியதாகக் கொள்ளப்படுகிறது. சர்க்காரின் வாழ்த்துகள்.'

அர்த்தநாரி விடவில்லை. நடையாய் நடந்ததில், நேரடிப் பரிசோதனைக்கு ஏசுரத்தினம் என்ற அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். மயிலாத்தாளின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, "ஏ பெண்ணே!" என்று கத்தினார். அவள் திரும்பினாள்.

"திரும்பிட்டாளே!"

"உங்க சத்தத்துக்குக் கோழி பறந்துச்சுங்க. அதைப் பார்த்துத் திரும்பினாளுங்க."

"கோழியைப் பற்றி ஃபைலில் ஒன்றுமில்லை."

அதிகாரி கிளம்ப, டிரைவர் ஜீப்பை முடுக்கினார். மயிலாத்தாள் ஓடிவந்து, அதிரும் பானெட்டில் இரண்டு உள்ளங்கையையும் பதித்துக் கண்ணை மூடிச் சிரித்தாள். பிறகு நேராக ஏறி, அதிகாரியின் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஏசுரத்தினம் இறங்கச் சொன்னார். தமிழில் கெஞ்சினார், மலையாளத்தில் மிரட்டினார், இங்கிலீஷில் உத்தரவிட்டார். அவள் ரோட்டைக் காட்டி, "போ" என்பதுபோலக் கையை ஆட்டினாள். அர்த்தநாரி தூக்கப் போனார். சுப்பாத்தாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெயில் ஏறியது. வேறு வழியில்லாமல் அதிகாரி ஃபைலை முழங்காலில் வைத்து, 'குழந்தை வண்டி கேட்டது. நான் சொன்னது எதுவும் கேட்கவில்லை. பரிந்துரைக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே அவள் இறங்கினாள்.

ஜீப் கிடைத்துவிட்டது! பந்தல் போட்டு விழா நடந்தது. பஞ்சாயத்து மெம்பர் பொங்கியண்ணன், "செவியற்றோர்க்கு இனி நாங்களே செவி" என்று ஒலிபெருக்கியில் முழங்கினார். யாருக்காக அந்த முழக்கமோ, அவளுக்கு மைசூர்பாகு ஒன்று கிடைத்தது.

திங்கட்கிழமை காலை ஜீப் வந்தது. வண்டியைத் திறந்துவைத்தவர் என்ற முறையில் பொங்கியண்ணன் முன்னால் ஏறினார். அவர் சம்சாரத்துக்குப் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம். குப்பண்ணன் சந்தைக்குக் கோழியோடு ஏறினார். கடைக்காரர் சைனுதீன் சரக்கு எடுக்க ஏறினார். "ஒரு புள்ளைக்கு இத்தாப்பெரிய வண்டியா? சும்மா போறதுக்கு நாமளும் போலாமே" என்று ஊரே நியாயம் பேசி ஏறியது. பதினொரு பேர் ஆனதும், "போலாம் ரைட்" என்றார் மெம்பர்.

ரெட்டைச்சடை பின்னி, பையை மாட்டி, மயிலாத்தாள் தாயோடு ஓடிவந்தாள்.

"ஏனுங்க, நிறுத்துங்க! புள்ள வருதுங்க!" சுப்பாத்தாள் தொண்டை கிழியக் கத்தினாள்.

ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் அர்த்தநாரி பழையபடி சைக்கிளுக்குக் காற்றடித்தார்.

வருஷக் கடைசியில் ஆபீசின் அறிக்கையை பஞ்சாயத்துப் பலகையில் ஒட்டினார்கள்: 'ஊத்துக்களம் ஜீப்பினால் நாள்தோறும் காது கேளாதோர் பதினொருவர் பயன்பெறுகின்றனர்.'

அர்த்தநாரிக்குக் கோபம் பொங்கியது. "தப்புன்னு இன்னைக்கே ஒரு மனு எழுதிப்போடறேன் பாரு!"

சுப்பாத்தாள் பலகையை இன்னொரு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"விடுங்க" என்றாள். "இந்த ஒரு தடவைதான் சரியா எழுதியிருக்காங்க."