துரையின் குளியல் தொட்டி

பக்கத்து வீட்டு அழகம்மாவின் பசு மறுபடியும் துரையின் குளியல் தொட்டியில் வாயை வைத்துவிட்டது.

“மார்கிரட்! அந்த மாட்ட வெரட்டு!” என்று மனைவியைப் பார்த்துக் கத்திக்கொண்டே சாந்துக் கரண்டியோடு ஓடிவந்தார் றோலண்ட் மாஸ்டர்.

பசு அவசரப்படவில்லை. தண்ணீரை உறிஞ்சி முடித்து, மாஸ்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பழகிய வீட்டில் நடப்பதுபோல் வெளியே போனது. போகிற போக்கில், புதிதாகச் சீமெந்து பூசிய தரையில் தன் பங்குக்குக் கொஞ்சம் சாணியும் போட்டுவைத்தது.

“இது மாடு செய்ற வேல இல்ல. மாட்ட அனுப்புறவங்க செய்ற வேல,” என்றார் மாஸ்டர் பல்லைக் கடித்தபடி.

ஹட்டனில் காலமெல்லாம் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர் அவர். எதையும் சரிபார்க்காமல் நம்பமாட்டார்; சரிபார்த்த பிறகும் பாதிதான் நம்புவார். அவருடைய அப்பா வேறொரு தேயிலைத் தோட்டத்தில் துரை பங்களாவுக்கு மரக்கறி சுமந்தவர். கூடையை இறக்கிவைத்துவிட்டு, பின்வாசலில் நின்றபடியே ஒரு கோப்பை தேநீர் குடித்துவிட்டு வருவார். முன்வாசல் எப்படி இருக்கும் என்றே தெரியாமல் மனுஷன் கண்ணை மூடிவிட்டார். அந்த நோவு மாஸ்டரின் நெஞ்சை விட்டுப் போகவேயில்லை. ஒரு துரை பங்களாவின் முன்வாசலால் நுழைந்து, உள்ளே உட்கார்ந்து தேநீர் குடிக்கவேண்டும். அதற்காகத்தான் கந்தப்பளைக்கு மேலே பாழடைந்து கிடந்த பழைய பங்களாவைக் குத்தகைக்கு எடுத்தார். பழமை மாறாமல் திருத்தி, இந்த வருடத்துக்குள் ‘வரலாற்றுக் கட்டடம்’ என்ற சான்றிதழை வாங்கவேண்டும். இல்லாவிட்டால் தோட்ட நிர்வாகம் திருப்பி எடுத்துக்கொள்ளும். வருகிற சனிக்கிழமை பரிசோதனை.

“மேல போனா தெரியும் சேர்,” என்று சொல்லித்தான் தோட்டத்துக் கந்தோரில் இருந்த புதுக் கிளாக்கர் அவரை அனுப்பியிருந்தார். அந்தக் கிளாக்கரே அந்த மலையில் ஏறியதில்லை.

மேலே இரண்டு கட்டடங்கள் இருந்தன. ஒன்று கருங்கல் கட்டடம், கூரை விழுந்து, உள்ளே புல் மண்டிக் கிடந்தது. மற்றது நீளமாக, தகரம் ஒட்டுப்போட்டு, புகையும் கொடித்துணியுமாக இருந்தது. பழைய லயம் மண்சரிவில் போனபிறகு மேலே வந்து குடியேறிய ஐந்து குடும்பங்கள் அங்கே இருந்தன. எது பங்களா, எது லயம் என்று மாஸ்டர் யோசிக்கவே இல்லை. தோட்டத்துச் சனம் இருக்கிற இடம் லயம். ஆனாலும் ஒரு ஒப்புக்குக் கருங்கல் கட்டடத்தைக் காட்டிக் கேட்டார்.

“இதுதானே தொர பங்களா?”

ஐந்து குடும்பமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது.

“ஆமாங்க மாஸ்டர்! இதேதாங்க!” என்றார்கள் ஒரே குரலில்.

“தொர இங்கதாங்க படுப்பாரு,” என்று அழகம்மாவின் புருசன் பொன்னையா கேட்காமலே சேர்த்துச் சொன்னார்.

அங்கேதான் மாஸ்டருக்கு முதல் சந்தேகம் விழுந்தது. ஒரு வகுப்பே ஒரே விடையைச் சொன்னால் யாரோ பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்பது அவர் அனுபவம்.

“எங்கள எழுப்பிற மாட்டாங்களே மாஸ்டர்? எங்களுக்குப் போக வேற எடமில்லைங்க,” என்றாள் அழகம்மா.

“உங்கள யாரு எழுப்பப் போறா? எனக்குத் தொர இருந்த பங்களா மட்டும் போதும்.”

ஆறுதலாகத்தான் சொன்னார். அவள் முகம் என்னவோ இன்னும் வாடிப்போனது.

வேலை தொடங்கியது. புல்லை வெட்டினால் நீளமான கல் தொட்டி வந்தது. “குளியல் தொட்டி!” என்று பூரித்துப்போய் அதில் குழாய் வைத்து அன்றே குளித்தார்.

“ரொம்ப ஒடுக்கமா இருக்கேங்க,” என்றாள் மார்கிரட்.

“தொர ஒல்லியா இருந்திருப்பாரு.”

“சொவரெல்லாம் இரும்பு வளையமா இருக்கு?”

“ராந்தல் மாட்ட.”

“இடுப்பு உயரத்துலயா?”

“உக்காந்துதானேடி படிப்பாங்க!”

பசுவின் வரவு பொறுக்காமல் மாஸ்டர் குறுக்குப் பாதையை மறித்து முள்வேலி போட்டார். மறுநாள் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. தண்ணீர் வருவது பொன்னையா வீட்டுப் பக்கத்து ஊற்றுப் பீலியிலிருந்து.

“பீலியில எல அடச்சிருக்கு போலங்க,” என்றார் பொன்னையா மிக மரியாதையாக.

வலப்பனையிலிருந்து வந்திருந்த மேசன் ஆண்டியப்பன் சாந்துச் சட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். “தண்ணியில்லாம நான் எச்சியத் துப்பியா சாந்து கொழைக்கிறது?”

சமாதானம் பேச, ஒரு பிஸ்கட் பெட்டியோடு மாஸ்டர் முதல் தடவையாகப் பொன்னையா வீட்டுக்குப் போனார். உள்ளே வாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. மலைநாட்டில் வீடு தேடி வந்தவரை வாசலில் நிறுத்துகிற வழக்கம் ஏது? பொன்னையா கதவை மறைத்துக்கொண்டு நின்றார். அழகம்மா தேநீரை வெளியே கொண்டுவந்து தந்தாள். மாஸ்டர் வாசலில் நின்றபடியே குடித்தார். குடிக்கும்போது, பொன்னையாவின் இடுப்புக்கும் கைக்கும் நடுவே ஏதோ மின்னியது.

பித்தளைக் குமிழ்! கதவுக்கு மேலே சிவப்பும் நீலமுமாகக் கண்ணாடி!

மாஸ்டருக்குத் தேநீர் புரையேறியது. தன் பங்களாவில் ஒரு கதவுக்கும் குமிழ் இல்லை, வெறும் மரத் தாழ்ப்பாள்தான். அது ஏன் என்று இப்போது விளங்கிவிட்டது.

உளவு பார்க்க மார்கிரட்டை அனுப்பினார். அவள் எண்ணெய் வடியும் வடையைக் கடித்துக்கொண்டு திரும்பிவந்தாள்.

“நல்ல சனங்க. உளுந்து வடை, மொறுமொறுன்னு.”

“வடைய விடு! உள்ள என்ன இருக்கு?”

“செவுத்துல பூப்போட்ட ஓடு பதிச்சு, குளிர் காயற அடுப்பு ஒண்ணு இருக்கு. நீங்க இங்க தேடுனீங்களே, அதே மாதிரி.”

“அதையுமா பேத்துக்கிட்டுப் போயிட்டாங்க!”

“அத எப்பிடிங்க தூக்கிக்கிட்டுப் போறது?”

“அஞ்சு குடும்பம் இருக்கே! ஆளுக்குக் கொஞ்சம்.”

மாஸ்டர் பொலிசில் முறைப்பாடு கொடுத்தார். சேதி அவருக்கு முன்னாலேயே மலை ஏறிவிட்டது. அவர் திரும்பி வந்தபோது பொன்னையா வீடு முழுவதும் நீலமாக இருந்தது. சுவர், கதவு, குமிழ், கண்ணாடி, எல்லாவற்றுக்கும் ஒரே பெயின்ட். அழகம்மாவின் கையிலும் பசுவின் கொம்பிலும்கூட நீலம்.

“பாத்தியா மார்கிரட்? தடயத்த அழிக்கிறாங்க!”

சனிக்கிழமை பரிசோதனை அதிகாரி நிஷாந்தி வந்தார். கூடவே, முறைப்பாட்டை விசாரிக்கப் பொலிஸ் சார்ஜனும் வந்து சேர்ந்தார். நிஷாந்தி உள்ளே நடந்தார். தொட்டியைப் பார்த்தார், வளையங்களைப் பார்த்தார்.

“சமைக்கிற குசினி எங்க சேர்?”

“களவு போயிருச்சு மேடம்.”

“பொகக்கூண்டு?”

“அதுவும்.”

நிஷாந்தி பேனாவை மூடிவிட்டார். “பங்களாவுக்கான அடையாளம் ஒண்ணுமே இல்லையே. நான் எப்பிடிச் சான்றிதழ் தாறது?”

மாஸ்டருக்கு அப்பாவின் முகம் கண்முன் வந்தது. அவர் வேலிப்பக்கம் திரும்பிக் கையை நீட்டினார்.

“இந்தா நிக்கிறாங்களே, இவங்கதான்! கதவு, கண்ணாடி, அடுப்பு எல்லாத்தையும் களவெடுத்துக்கிட்டு, என்னய வாசல்லயே நிப்பாட்டுனவங்க!”

சார்ஜன் பொன்னையாவின் தோளில் கையை வைத்தார். “வாங்க, ஸ்டேஷனுக்குப் போவோம்.”

பொன்னையா கண்ணாலேயே மனைவியிடம், ‘பேசாதே’ என்றார். வீடு போய்விடுமே என்ற பயம் ஐந்து குடும்பத்தின் வாயையும் கட்டிப்போட்டிருந்தது. அழகம்மாவும் இத்தனை நாள் எல்லாவற்றையும் விழுங்கியவள்தான். களவு என்ற சொல்லை மட்டும் அவளால் விழுங்க முடியவில்லை. மாட்டுக் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு முன்னால் வந்தாள். கயிறு தளர்ந்ததும் பசு நேரே தொட்டிக்குப் போனது.

“நாங்க ஒண்ணையும் எடுக்கலீங்க மாஸ்டர், எல்லாம் இருந்த எடத்துலதான் இருக்கு: அன்னைக்கி நீங்க வாசல்ல நின்னு தேத்தண்ணி குடிச்சீங்களே, அதுதாங்க தொர பங்களா, நீங்க தெனம் குளிக்கிறது அவரு குதிரைக்குத் தண்ணி காட்டுன தொட்டி.”