பட்டப்பகலில் டார்ச் அடித்தவர்

தாமிரபரணிக்கு இந்தக் கரையிலும் சரி, அந்தக் கரையிலும் சரி, டார்ச் பாயின் சந்தேகத்துக்கு ஆளாகாத பொருள் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது அவருடைய டார்ச். அதற்குள் கிடந்த பேட்டரிகள்மேல்கூட அவருக்கு நம்பிக்கை கிடையாது.

மேலப்பாளையத்துக்காரர். சவுதியில் ஒரு பெரிய வண்டிப் பட்டறையின் கேட்டில் நின்று, உள்ளே வரும் சாமான் ஒவ்வொன்றையும் டார்ச் அடித்துப் பார்த்து வாங்கிவைப்பதுதான் பல வருடங்களாக அவர் வேலை. வயதாகிவிட்டது என்று கம்பெனி அவரை ஊருக்கு அனுப்பியது. வேலை போனதே தவிர, பார்வை போகவில்லை. வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட கைலி, தோளில் குறுக்காக ஒரு கயிறு, அந்தக் கயிற்றில் முழங்கை நீளத்துக்கு ஒரு ஸ்டீல் டார்ச். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருப்பதாகச் சொல்வார்கள். நான் பார்த்ததில்லை.

டீக்கடையில் கிளாஸ் கைக்கு வந்ததும் டார்ச் அடித்து அடிமட்டம் வரை பார்ப்பார். மார்க்கெட்டில் கடலோர ஊர் ஒன்றின் பேரைச் சொல்லி "உவரி மீனு, உவரி மீனு" என்று கூவினால் போதும், செவுளைத் தூக்கி ஓர் அடி, கண்ணுக்குள் ஓர் அடி. "இது உவரியப் பாத்த மீனா தெரியலையே" என்பார். மீன்காரம்மா ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள்: "பாய், மீன வாங்கப் போறியளா, இல்ல அதுக்குக் கண்ணாடி எழுதிக் குடுக்கப் போறியளா?"

பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னபோது, "மொதல்ல நீங்க தொறங்க" என்று டாக்டரின் வாய்க்குள் டார்ச் அடித்ததாக ஒரு கதை உண்டு. டாக்டருக்குக் கடைவாயில் சொத்தை இருந்ததாம். பாய் பல் பிடுங்காமலே இறங்கி வந்துவிட்டார்.

"பாய், உச்சி வெயிலு இந்தப் போடு போடுது. இப்ப எதுக்கு டார்ச்சு?" என்று நானே ஒருமுறை கேட்டேன்.

"வெயிலு மேலதான வே அடிக்கும்? களவாணித்தனம் பூரா உள்ளல்லா இருக்கு!" என்றார்.

அவர் எனக்குத் தேவைப்பட்ட கதைக்கு வருகிறேன். தச்சநல்லூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கார் ஷெட் உண்டு. கார் கிடையாது. கட்டும்போது வாங்குவதாக இருந்தது. அந்த ஷெட்டில் சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப் போட்டு, ஓய்வு நேரத்தில் பழைய ஸ்கூட்டர்களைப் பிரித்து மாட்ட வேண்டும் என்பது என் தீராத ஆசை. உட்கார்ந்து எழுதியே தேய்ந்துபோனவன் நான். கையில் கொஞ்சம் கிரீஸ் பட்டால் தேவலை என்று தோன்றாதா?

முதல் காரியமாக பழைய இரும்புக் கடையில் ஒரு ஜாக்கி வாங்கினேன். பக்கத்து வீட்டுக்காரர் காரைத் தூக்கி நிறுத்திவிட்டு, எல்லோருக்கும் பெருமையாகக் காட்டிவிட்டு, காபி குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது கார் பழையபடி தரையில் நின்றது. ஜாக்கி யாருக்கும் தெரியாமல் பைய இறங்கியிருந்தது. நல்லவேளை, அடியில் யாரும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் அதற்குப் பிறகு என்னைப் பார்த்தாலே கார் சாவியைப் பைக்குள் போட்டுக்கொள்வார்.

என் மனைவியின் அண்ணன் உடன்குடியிலிருந்து மொத்தமாகக் கருப்பட்டி எடுத்து விற்பவர். சரக்கு வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார். ஜாக்கி இறங்கிய அன்றே தீர்ப்பு வந்துவிட்டது.

"அடுத்து இந்த ஷெட்டுக்குள்ள ஓடுத மெஷினு வந்துச்சுன்னா ஷெட்டு ஒங்களுக்கு. ஓடாத மெஷினு வந்துச்சுன்னா அண்ணனுக்கு" என்றாள் மனைவி. "கருப்பட்டியில எறும்பு ஏறுனாலும் தட்டிட்டுத் திங்கலாம். நீங்க கொண்டாந்த இரும்ப என்ன செய்ய?"

எனக்குத் தேவை ஒரு காற்றுக் கம்ப்ரசர். டயருக்குக் காற்று அடிக்கலாம், தூசி ஊதலாம், பெயிண்ட் அடிக்கலாம். புதிதாக வாங்க வக்கில்லை. மூடிப்போன ஒர்க்‌ஷாப்களின் சாமான்களை ஏலம் விடுகிறார்கள், அங்கே போனால் மலிவாகக் கிடைக்கும் என்றார்கள். கூடவே டார்ச் பாயைக் கூட்டிப்போ என்றும் சொன்னார்கள். சுற்றுவட்டாரத்தில் எந்த ஏலமானாலும் பாய் ஆஜராகிவிடுவாராம். ஆனால் இதுவரை ஒரு நட்டுகூட வாங்கியதில்லையாம். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

முதல் ஏலம் பாளையங்கோட்டைப் பக்கம். பழைய இரும்பு வியாபாரிகள் ஒரு மரத்தடியில் கூட்டமாக உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். எந்தச் சாமானை யார் எடுப்பது என்று அவர்கள் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வது வழக்கம். அவர்களுக்குத் தலைவர்போல ஒரு இரும்புக்கடை அண்ணாச்சி. பாய் நேரே கம்ப்ரசரிடம் போனார். டேங்கைத் தட்டினார். குழாய்க்குள் டார்ச் அடித்தார். அடியில் குனிந்து அடித்தார். அங்கேயே நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "பரவால்ல வே, கேளும்" என்றார். நான் கேட்டேன். அதுவரை கொட்டாவி விட்ட கூட்டம் மொத்தமும் எழுந்து என்மேல் பாய்ந்தது. விலை ஏறிய வேகத்தில் நான் கையை மட்டுமல்ல, மூச்சையும் இறக்கிவிட்டேன்.

அடுத்த ஏலத்தில் இரண்டு கம்ப்ரசர்கள். ஒன்றில் சட்டென்று விளக்கை அணைத்து, "இது செத்துப்போச்சு வே" என்றார். அதை யாரும் ஏறிட்டும் பார்க்கவில்லை. இன்னொன்றில் டார்ச் நிலைத்து நின்றது. அவ்வளவுதான், மறுபடியும் பாய்ச்சல். டார்ச் நின்ற இடத்தில் விலை ஏறுகிறது, அணைந்த இடத்தில் இறங்குகிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்று ஏலம் முடிந்து டீக்கடைப் பின்பக்கம் போனால், இரும்புக்கடை அண்ணாச்சி பாயின் கையில் ஒரு காகிதப் பொட்டலத்தை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்! உலகத்தையே சந்தேகப்படும் மனிதர் என்று நம்பிப் போனேனே, அவர் எதிராளி ஆள் அல்லவா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் டீக்கடையிலேயே அவரைப் பிடித்தேன். "பாய், அந்த அண்ணாச்சி ஒங்களுக்கு என்ன குடுத்தாரு?"

பாய் சாவகாசமாகச் சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். மூன்று பேட்டரிகள்.

"ஏலத்துக்கு வாரப்பல்லாம் வாங்கித் தருவாரு வே. நல்ல மனுசன். ஆனா இது பழைய சரக்கா இருக்குமோன்னுதான் எனக்குச் சந்தேகம்."

பேட்டரியைச் சந்தேகப்பட்டவருக்கு, அதை ஏன் ஓர் இரும்பு வியாபாரி இலவசமாகத் தருகிறார் என்ற சந்தேகம் வரவே இல்லை. நான் விளக்கினேன். "அவுக யாரும் குனிஞ்சே பாக்கது இல்ல பாய். ஒங்க வெளிச்சத்த மட்டும் பாக்காக. நீங்க சும்மா பாத்துக் குடுக்கிய, அவுக அள்ளிக்கிட்டுப் போறாக."

பாய் டார்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப நீரு என்னைய சந்தேகப்பட்டீரு."

"அது வந்து பாய்..."

"என்னையவா வே?"

ஊரையே சந்தேகப்பட்ட மனிதரை அதுவரை யாரும் சந்தேகப்பட்டதில்லை போலிருக்கிறது. முகம் அப்படியே விழுந்துவிட்டது. முன்னால் இருந்த டீயை எடுத்தார். டார்ச் அடிக்காமலே குடித்தார். எழுந்து போய்விட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது.

பைபாஸ் ரோட்டில் மூன்றாவது ஏலம். அன்று சாயங்காலம் கருப்பட்டி வண்டி வரும் என்று மைத்துனர் சொல்லி அனுப்பிவிட்டார். முந்தின நாளே வந்து ஷெட்டை டேப் வைத்து அளந்துவிட்டும் போயிருந்தார். எனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. நீல நிறத்தில் லட்சணமாக ஒரு கம்ப்ரசர் நின்றது. பாய் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கம்ப்ரசரையும் பார்க்கவில்லை. நேரே கடைசி மூலைக்குப் போனார். அங்கே கார் கழுவும் பெரிய பம்ப் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. ஒரு சாக்கை விரித்தார். அதன்மேல் மல்லாக்கப் படுத்து, பம்புக்கு அடியில் தலையை விட்டு, டார்ச்சைப் போட்டார்.

அணைக்கவே இல்லை. பம்பின் இடுக்குகள் வழியாக வெளிச்சம் சிதறியது. நடுநடுவே உள்ளிருந்து, "சுப்ஹானல்லாஹ்!" என்று வியப்போடு ஒரு குரல்.

வியாபாரிகள் கூட்டம் மொத்தமும் எழுந்து மூலைக்கு வந்துவிட்டது. ஒருவர் பம்பைச் சுற்றி வந்தார். இன்னொருவர் யாருக்கோ போன் போட்டார். ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தார்கள். அந்த நேரத்தில்தான், "கம்ப்ரசர் ஒண்ணு! கேக்கது யாரு?" என்று ஏலக்காரர் குரல் கொடுத்தார். நான் ஈனஸ்வரத்தில் ஒரு விலை சொன்னேன். டயர் வாங்க வந்த ஒருவர் போனால் போகிறது என்று ஒருமுறை ஏற்றிக் கேட்டுவிட்டு விலகிக்கொண்டார். கம்ப்ரசர் எனக்கு!

அடுத்து பம்ப். பேசிவைத்த பேச்செல்லாம் காற்றில் போய், வியாபாரிகள் தங்களுக்குள்ளேயே மல்லுக்கு நின்றார்கள். கடைசியில் இரும்புக்கடை அண்ணாச்சி வியர்வை வழிய வென்றார். பாய் சாக்கை உதறி மடித்தார்.

"பாய், அப்படி என்னதான் வே பாத்தீரு அதுல?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"ஓட்டை. இம்மாம் பெரிய ஓட்டைய நான் சவுதியிலகூடப் பாத்தது இல்ல."

"சொல்லலையே வே!"

"நீரு கேக்கவே இல்லையே அண்ணாச்சி. பேட்டரிதான குடுத்தீரு."

லோடு ஆட்டோவில் பாய் கம்ப்ரசரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். நான் பக்கத்தில். கொக்கிரகுளம் பாலம் தாண்டியதும் பாய் கேட்டார்.

"நான் பொய் எதுவும் சொல்லல, என்ன வே? வெளிச்சம்தான அடிச்சேன்."

"ஒரு பொய்யும் இல்ல பாய்."

"ஆனா இதுக்குள்ள நான் ஒரு தடவகூட அடிச்சுப் பாக்கல வே. அங்கன அடிச்சிருந்தா அவனுவ பாத்துருவானுவ."

பார்க்காமல் ஒரு சாமானை கேட் தாண்ட விட்டது அவர் ஆயுளில் அதுதான் முதல் தடவை.

"இப்பப் பாருங்களேன் பாய், டார்ச்சு கையிலதான இருக்கு."

"வேண்டாம். நீரு பாத்துட்டீருல்லா? அது போதும்."

நான் பார்த்ததெல்லாம் அதன் நீலப் பெயிண்ட் மட்டும்தான்.

வீட்டு வாசலில் கருப்பட்டி வண்டி நின்றது. மைத்துனர் ஒரு மூட்டையின்மேல் சாய்ந்து நின்று, என்னைப் பார்த்து அனுதாபமாகச் சிரித்தார். கம்ப்ரசரை ஷெட்டில் இறக்கி, பிளக்கைச் சொருகி, சுவிட்சைப் போட்டேன். ஒரு முனகல்கூட இல்லை. மனைவி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் மூட்டையைத் தட்டிக் கொடுத்தார். பாயின் கை டார்ச்சுக்குப் போனது. போய், திரும்பி வந்துவிட்டது. அவர் கண்களை மூடிக்கொண்டார்.

அப்போது பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏ, ஒங்க வீட்டுலயும் கரண்டு இல்லையா?"

சுவிட்சை அணைக்காமல், கரண்டு வரட்டும் என்று காத்து நின்றோம். திடீரென்று ஷெட்டே அதிர்கிறமாதிரி ஓர் உறுமல். மைத்துனர் மூட்டையோடு சேர்ந்து உட்கார்ந்துவிட்டார். மனைவி காதைப் பொத்திக்கொண்டு, அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தினாள்: "அண்ணே, ஓடுது! கருப்பட்டிய வேற எங்கயாவது இறக்கு!"

பாய் கண்ணைத் திறந்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அது எனக்குக் கேட்கவில்லை. வாயசைவில் தெரிந்தது.

அந்த வாரத்திலிருந்து, ஜும்மா தொழுகை முடிந்ததும் மேலப்பாளையத்திலிருந்து பஸ் ஏறி என் ஷெட்டுக்கு வந்துவிடுகிறார். மனைவி தரும் டீயில் முதலில் டார்ச் அடிக்கிறார். அவளும் இப்போதெல்லாம் கிளாஸைச் சாய்த்தே நீட்டுகிறாள். பிறகு கம்ப்ரசரை அங்குலம் அங்குலமாகச் சோதிக்கிறார். "எங்கயோ ஒரு கொற இருக்கு வே. பாக்காம வாங்குன சாமான்ல கொற இல்லாம இருக்குமா? அத கண்டுபிடிச்சுட்டேன்னா எனக்கு நிம்மதி. அப்புறம் ஒமக்குத் தொந்தரவு குடுக்க மாட்டேன்." இரும்புக்கடை அண்ணாச்சி கையை விரித்துவிட்டதால் பேட்டரி வாங்கித் தருவது இப்போது நான்தான். அது பழைய சரக்கோ என்று என்னிடமே கேட்கிறார்.

குறை இருக்கத்தான் செய்கிறது. டேங்குக்கு அடியில், தண்ணீர் வடிக்கும் திருகு ஓரத்தில், பொடியாக ஒரு காற்றுக் கசிவு. வாங்கிய மறுவாரமே நான் பார்த்துவிட்டேன். ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல், பாய் வரும் பஸ்ஸுக்கு முன்னால், அங்கே கொஞ்சம் சோப்பைத் தேய்த்து அடைத்துவிடுகிறேன். கண்டுபிடித்துவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வரமாட்டாரே.