மிஸ் ஏட்டி எழும்பூருக்கு வருகிறாள்

குற்றாலம்,
ஈஸ்வர வருஷம் புரட்டாசி மாதம்,
புதன்கிழமை.

சிரஞ்சீவி மைத்துனர் நம்பிராஜனுக்கு, அத்தான் நாறும்பூநாதன் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் குதிரையும் உன் அக்காள் கோமதியும் பூரண சௌக்கியம். வரிசை மாறிவிட்டது என்று அக்காள் பக்கத்தில் நின்று சொல்லுகிறாள். மை காய்ந்துவிட்டது, இனி அடித்தால் அசிங்கமாக இருக்கும். அவ்விடத்துச் சௌக்கியத்துக்குப் பதில் எழுதச் சொல்லிக் கேட்பது வழக்கம். இந்தத் தடவை எழுத வேண்டாம், நேரமில்லை. சனிக்கிழமை காலை எழும்பூர் ஸ்டேஷனில் நேரிலேயே சொல்லிவிடு. அன்றைக்கு எங்கள் குதிரை பட்டணத்தில் வந்து இறங்குகிறாள்.

எந்தக் குதிரை என்று நீ திகைப்பாய். போன சித்திரையில் நம் பங்களாவில் ஒரு வெள்ளைக்காரர் வாடகைக்குத் தங்கியிருந்தார். மலைமேல் தேயிலைத் தோட்டம் வைத்திருந்தவர், எல்லாவற்றையும் விற்றுவிட்டுச் சீமைக்குத் திரும்புகிறவர். அவருடைய பந்தயக் குதிரைக்குப் பிறந்த இரண்டு வயசுப் பெண்குட்டி ஒன்று மிச்சமிருந்தது. அதை நல்ல மனுஷர் ஒருவரிடம் விட்டுப்போக வேண்டும் என்று சொன்னார். நல்ல மனுஷன் என்ற முறையில் நான் முன்வந்தேன். அதே நாளில் இன்னும் இரண்டு நல்ல மனுஷர்கள் முன்வந்துவிட்டார்கள். ஒருவர் தென்காசிப் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்ற அருமைநாயகம். இன்னொருவர் புளியங்குடி எலுமிச்சை மண்டி சைதூன் பீவி. புருஷன் காலமான பிறகு மண்டியையும் லாரியையும் தனியாகக் கட்டி ஆளுகிற அம்மாள். யார் மனமும் நோகக்கூடாது என்று துரை மூன்று பேருக்கும் பொதுவாகக் குட்டியைக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினார். எங்கள் நிம்மதியும் அவரோடு கப்பல் ஏறியது.

குதிரை என்றால் ஜட்காவில் கட்டுகிற சரக்கு என்று நினைத்துவிடாதே மாப்பிள்ளை. அரக்கு நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி, கால் நாலும் வீணைக் கம்பி மாதிரி. கிண்டியில் வருகிற பந்தய சீசன்தான் அவளுக்கு முதல் சீசன். இந்த 'சீசன்' என்ற வார்த்தையால் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. நம் ஊரில் சீசன் என்றால் சாரல், அருவி, குளியல், வேறு அர்த்தமே கிடையாது. "நம்ம குட்டிக்கு இது முதல் சீசன்" என்று நான் கடைத்தெருவில் வாய்விட்டதுதான் தாமதம், அடுத்த நாள் காலையில் வாசலில் நல்லெண்ணெயோடும் சீயக்காயோடும் ஆட்கள் வந்து நிற்கிறார்கள், குட்டியை அருவிக்கு அழைத்துப்போக. உன் அக்காள் எட்டிப்பார்த்துவிட்டு, "நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்து எத்தனையோ வருசமாச்சு, எனக்கு ஒரு சீசன் கொண்டாடினவுக இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூன்று பங்காளிகள் என்றால் மூன்று வைத்தியம், மூன்று பெயர். நான் அம்பாள் பெயரைச் சுருக்கிக் குழல்மொழி என்று வைத்தேன். ஹெட்மாஸ்டர் விக்டோரியா என்று வைத்தார். சைதூன் பீவி பெயரே வைக்கவில்லை, புளியங்குடியிலிருந்து லாரியில் வந்து இறங்கும்போதே "ஏட்டி!" என்று ஒரு சத்தம் கொடுப்பார், அவ்வளவுதான். நான் காலுக்குத் தைலம் தடவிவிட்டுப் போவேன். சைதூன் பீவி வந்து, "இதென்ன அண்ணாச்சி, பிள்ளைய வடை சுடுத மாதிரி எண்ணெயில போட்டு வச்சிருக்கிய" என்று எலுமிச்சம்பழத்தை வெட்டித் தேய்த்துக் கழுவிவிடுவார். ஹெட்மாஸ்டர் தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, குதிரைக்கு ஆங்கிலத்தில் கட்டளை கொடுப்பார். "பந்தயக் குதிரைக்குத் தமிழ்ல சொன்னா எப்படிப் புரியும்?" என்பது அவர் கட்சி. குட்டியோ இங்கிலீஷுக்கும் திரும்பவில்லை, அம்பாள் பெயருக்கும் திரும்பவில்லை. "ஏட்டி" என்றால் மட்டும் காதை விறைத்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பாள். இதனால் எனக்கும் ஹெட்மாஸ்டருக்கும் சைதூன் பீவிமேல் உள்ளுக்குள் ஒரு பொறாமை என்பதை உன்னிடம் மறைக்கவில்லை.

போன வாரம் கிண்டியிலிருந்து டிகாஸ்டா வந்தார். குதிரை பழக்குகிறவர், அந்தக் காலத்தில் தாமே பந்தயத்தில் ஓட்டினவர். ஆள் நம் வீட்டு உரல் உயரம்தான் இருப்பார். ஆனால் பார்வை கத்தி. குட்டியைச் சுற்றி வந்தார், பல்லைப் பார்த்தார், முழங்காலைத் தட்டினார். "உடம்பு இருக்கு மேன். ஓட்டம் இருக்கா தெரியலே. நாளைக்கு ஓடிக் காட்டட்டும். ஓடினா நான் கிண்டிக்கு எடுத்துக்கறேன். ஓடலேன்னா ஜட்காக்காரனுக்குக் கொடுத்துடுங்க, அதுக்கும் ஒரு புண்ணியம்" என்றார். அன்று சாயங்காலம் நாங்கள் மூன்று பேரும் போட்ட சண்டையை நீ பார்த்திருக்க வேண்டும். குட்டி ஓடாவிட்டால் அது யார் வளர்த்த குற்றம் என்று ஓடுவதற்கு முன்பே பஞ்சாயத்து. தைலத்தால் கால் வழுக்கும் என்றார் ஒருவர், எலுமிச்சையால் ரத்தம் செத்துப்போகும் என்றேன் நான், எழுத்தறிவில்லாத சூழ்நிலை என்றார் ஹெட்மாஸ்டர். சைதூன் பீவி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து, "நாளைக்கோட எம் பங்க நீங்களே வச்சுக்கிடுங்க. எனக்கு அந்தப் பிள்ளை நல்லா இருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டார். ஜட்காவில் குட்டியைக் கட்டி, தென்காசிக் கோயில் வாசலில் சவாரிக்கு நிறுத்தியிருப்பது போல நினைத்துப் பார்த்தேன் மாப்பிள்ளை. சோறு இறங்கவில்லை.

மறுநாள் இலஞ்சிக்கு அப்பால் வறண்டு கிடக்கிற குளத்துக்குள் ஏற்பாடு. ஊரே கரையில் ஏறி நின்றது. சுண்டல்காரன் கூட வந்துவிட்டான். டிகாஸ்டா சேணம் போட்டு ஏறி உட்கார்ந்தார். குட்டி நின்றாள். குதிகாலால் தட்டினார். நின்றாள். குனிந்து புல் மேய்ந்தாள். ஹெட்மாஸ்டர் ஆங்கிலத்தில் கெஞ்சினார். நான் குழல்வாய்மொழி அம்பாளுக்குப் புடைவை சாத்துவதாக நேர்ந்துகொண்டேன். சைதூன் பீவி மட்டும் "ஏட்டி" என்று கூப்பிடவில்லை. பங்கை விட்டுவிடுவதாக முந்தின நாள் சொன்ன வார்த்தைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். கரையில் ஒருத்தன், "ஏலே, இது குதிரையில்லலே, குதிரை பொம்மை!" என்று கத்தினான். டிகாஸ்டா தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு, "போதும் மேன்" என்று இறங்கக் காலைத் தூக்கினார்.

அந்த நேரத்தில் குளக்கரையை ஒட்டிய தண்டவாளத்தில் செங்கோட்டைக்குப் போகிற ரயில் கூவிக்கொண்டு வந்தது. குட்டி தலையைத் தூக்கினாள். ரயிலைப் பார்த்தாள். யாரோ தன்னைக் கேட்காமல் முந்திப்போகிறார்கள் என்று தோன்றிவிட்டது போலிருக்கிறது. அப்புறம் நான் கண்டது புழுதி. தூக்கிய காலோடு டிகாஸ்டா கழுத்தைக் கட்டிக்கொண்டு கிடக்க, கரையேறி, தண்டவாளத்துக்கு இந்தப்பக்கம் வண்டிப்பாதையில் விழுந்து பறக்கிறாள்! ரயிலில் இருந்தவர்கள் ஜன்னல் ஜன்னலாகத் தலையை நீட்டிக் கூச்சல் போடுகிறார்கள், என்ஜின்காரர் விடாமல் ஊதுகிறார், நாங்கள் மூன்று பேரும் சைதூன் பீவியின் லாரியில் எலுமிச்சை மூட்டைமேல் ஏறிக்கொண்டு பின்னால் துரத்துகிறோம், ஹெட்மாஸ்டர் இத்தனை வருஷம் கட்டிக்காத்த கௌரவத்தையெல்லாம் காற்றில் விட்டுவிட்டு வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, "ஓடுட்டி! ஓடுட்டி!" என்று கத்துகிறார், இங்கிலீஷாவது ஒன்றாவது! முதலில் கடைசிப் பெட்டிக்கு நேராக இருந்தாள். பிறகு நடுப்பெட்டி. பிறகு என்ஜின். பிறகு, மாப்பிள்ளை, என்ஜினுக்கு முன்னால் வெறும் தண்டவாளமும் எங்கள் குட்டியும் மட்டும்!

வண்டிப்பாதை போய்ப் பெரிய ரோட்டில் சேருகிற இடத்தில் திருவிதாங்கூர் எல்லைச் சுங்கச்சாவடி. குறுக்கே மூங்கில் கட்டை இறக்கியிருந்தது. குட்டி நிற்கவில்லை. தாண்டிவிட்டாள். டிகாஸ்டா தாண்டவில்லை. ஆக, டிகாஸ்டா பிரிட்டிஷ் இந்தியாவில் ஒரு வைக்கோல் போரின்மேல் விழுந்தார். குதிரை மகாராஜா ராஜ்யத்தில் போய் இறங்கி, சுங்க அதிகாரி இலையில் வைத்திருந்த நேந்திரம்பழத்தைத் தின்னத் தொடங்கினாள்.

அதிகாரி வெளியே ஓடிவந்து, "நிக்கணும்! சுங்கம் கெட்டாதே ஒரு மிருகமும் இங்ஙோட்டு வரான் பாடில்லா! ஆருடெ குதிர?" என்று மலையாளத்தில் கேட்டார். சுங்கம் கட்டாத மிருகம் உள்ளே வரக்கூடாதாம். அதற்குள் லாரியும் போய்ச் சேர்ந்துவிட்டது. மூன்று பேரும் ஒரே குரலில் "என்னுது" என்றோம். அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, "ஒரு குதிரைக்கு மூணு உடமஸ்தனோ? அப்போ எந்தக் கால் ஆருக்கு?" என்றார். ஹெட்மாஸ்டர் கட்டைக்கு இந்தப்பக்கம் நின்றுகொண்டு, "சரக்கை நாங்கள் கொண்டுவரவில்லை, சரக்கு தானாகத்தான் வந்தது, ஆகையால் சட்டப்படி அதனிடமே கேளுங்கள்" என்று வாதம் செய்தார். அதிகாரி கோபத்தில் காளை மாதிரி மூச்சுவிட்டுக்கொண்டு கயிறு எடுக்க உள்ளே போனார். சைதூன் பீவிக்குப் பொறுமை போய்விட்டது. இரண்டு கையையும் விரித்து, "ஏட்டி! அங்கன என்னட்டி செய்யுத? வா இங்கன!" என்று ஒரு சத்தம்தான். குட்டி பழத்தோலைத் துப்பிவிட்டு, வந்த வழியே கட்டையைத் தாண்டி பிரிட்டிஷ் இந்தியாவுக்குத் திரும்பி வந்து, அந்த அம்மாள் தோளில் மூஞ்சியை வைத்துக்கொண்டாள். கயிறோடு வெளியே வந்த அதிகாரிக்குப் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. நல்ல மனுஷர், சிரித்துவிட்டார். பழத்துக்குப் பதிலாக அரை மூட்டை எலுமிச்சை இறக்கிக் கொடுத்தோம்.

டிகாஸ்டா கணுக்கால் பிசகி, முடியெல்லாம் வைக்கோலாக உட்கார்ந்திருந்தார். திட்டப்போகிறார் என்று பயந்துகொண்டே போனோம். அவர் கண்ணில் தண்ணீர். "எத்தனையோ குதிரை ஏறியிருக்கேன் மேன். எதுவும் இப்படி என்னைத் தூக்கிட்டுப் போனதில்லே. வெள்ளிக்கிழமை வண்டி ஏத்துங்க. இவ ஓடுவா. பேரு என்னா?" என்றார். நானும் ஹெட்மாஸ்டரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். குழல்மொழியும் விக்டோரியாவும் தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டார்கள். "ஏட்டி" என்றோம் இரண்டு பேரும். அவர் மிஸ் ஏட்டி என்று குறித்துக்கொண்டார். சைதூன் பீவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினார். பங்கை விட்டுவிடுவது பற்றி அப்புறம் ஒருவரும் பேசவில்லை.

ஆகவே மாப்பிள்ளை, சனிக்கிழமை நீ ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு எழும்பூரில் விடிவதற்கு முன்பே நிற்கவேண்டும். ஹெட்மாஸ்டர் ரயிலில் குதிரைப் பெட்டியிலேயே கூட வருகிறார். முன்பு தூரத்தில் நாற்காலி போட்டவர், இப்போது ஒரு நிமிஷம் பிரிய மாட்டேன் என்கிறார். இறங்கியதும் குட்டிக்குக் கொள்ளும் தண்ணீரும் ஹெட்மாஸ்டருக்குக் காப்பியும் கொடு, மாற்றிவிடாதே. தெருவில் டிராம் வண்டியை அவள் பார்க்காதபடி மறைத்து நட. பார்த்தால் பந்தயம் வைத்துவிடுவாள். நானும் சைதூன் பீவியும் முதல் பந்தயத்துக்கு வந்து சேருவோம். உன் அக்காளும் வருகிறாளாம், இப்போதுதான் சொன்னாள், எந்தப் புடைவை என்பது மட்டும் முடிவாகவில்லை. நீயும் உன் வீட்டாரும் ஆல்போல் தழைத்து, குழந்தைகள் நோய்நொடியில்லாமல் எங்கள் குட்டி மாதிரி ஓடியாடி விளையாட, குற்றாலநாதரும் அம்பாளும் துணையிருப்பார்களாக. சைதூன் பீவி தன் துவாவையும் ஹெட்மாஸ்டர் தன் ஜெபத்தையும் இதனுடன் சேர்க்கச் சொன்னார்கள். மூன்று மதமும் சேர்ந்துகொண்டதால் குறையொன்றும் வராது.

இப்படிக்கு,
குதிரையில் மூன்றிலொரு பங்குக்காரனும்
உன்மேல் முழுப் பிரியமுள்ளவனுமான அத்தான்,
நாறும்பூநாதன்

பின்குறிப்பு: சனிக்கிழமை. இந்தக் கடிதம் புதனிலிருந்து என் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. நேற்றுத் தென்காசி ஸ்டேஷனில் இரண்டு பக்கத்து வண்டியும் ஒன்றாக நின்றன. நானே முன்நின்று, போர்ட்டர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, "எனக்குத் தெரியாதாய்யா?" என்று அதட்டி, குதிரைப் பெட்டியைச் சேர்க்கவேண்டிய வண்டியைக் கைகாட்டிவிட்டு, வண்டி நகரும்போது கைதட்டி வழியனுப்பினேன். அது கொல்லத்துக்குப் போகிற வண்டி. இன்று காலை விசாரிக்கப் போன இடத்தில், ஸ்டேஷனுக்கே ஹெட்மாஸ்டரிடமிருந்து தந்தி: "கொல்லம். கடல். கடற்கரையில் ஓடிக்கொண்டிருக்கிறாள். நிறுத்த முடியவில்லை. உடனே வரவும்." முதல் பந்தயத்துக்குக் குதிரையை நேரில் காட்டிப் பெயர் கொடுக்கும் நாள் திங்கள். அதற்குள் அவளைப் பிடித்து வண்டியேற்றிப் பட்டணம் சேர வழியில்லை. நான் பிளாட்பாரத்திலேயே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். சைதூன் பீவி தந்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மறுபடியும் ஒருதரம் கேட்டார். "நிறுத்த முடியலன்னுதான அண்ணாச்சி எழுதியிருக்காக? அப்பம் எதுக்கு அழுதிய? கிண்டி எங்கயும் ஓடிப்போயிராது. எந்திரிங்க, டிக்கெட்டு எடுப்போம். நானும் இதுவரைக்கும் கடலு பாத்ததில்ல" என்றார். உன் அக்காள் அதற்குள் புடைவையை முடிவு செய்துகொண்டு மூட்டையோடு வந்து நிற்கிறாள். ஆகையால் மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு. எழும்பூருக்குப் போகாதே. கொல்லத்துக்கு வா.