என்னுடைய ஒரே டிரை

ஸ்கெல்தோர்ப் வார இதழ் ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அச்சுக்கூடமும் நலமென்று நம்புகிறேன். நான் நலமில்லை. காரணம், தங்கள் சென்ற வார இதழின் கடைசிப் பக்கம்.

எங்கள் ரக்பி லீக் கிளப்பின் புதிய பார்வையாளர் மாடத்தில், டிரை போட்ட பழைய ஆட்டக்காரர்களின் பெயர்ப் பலகையைச் சனிக்கிழமை திறக்கிறார்கள் என்றும், "பதினோரு ஆண்டு முன்வரிசையில் ஆடியும் ஒரு டிரைகூடப் போடாத கிளிஃபர்ட் தாக்ரே" திரையை விலக்குவார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஐயா, நான் ஒன்று போட்டேன். அது என்னோடு முன்வரிசையில் ஆடிய பாரி ஆக்டன் பெயரில் பலகை ஏறப் போகிறது.

வாரமெல்லாம் சுரங்கத்தில் கரி வெட்டிவிட்டு, சனிக்கிழமை இந்த ஊருக்காகத் தலையைக் கொடுத்தவன் நான். முன்வரிசைக்காரன் வேலை என்ன? பந்தை வாங்கு, எதிரே நிற்கிற மூன்று பேர் மேல் மோது, விழு, எழுந்திரு, மறுபடி வாங்கு. எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தை மண்ணில் அழுத்தி டிரை போட்டுப் பெயர் வாங்குவதெல்லாம் ஓரத்தில் ஓடுகிறவர்கள்; ஆட்டம் முடிந்தாலும் அவர்கள் தலைமுடி கலையாது. ஆனால் ஒரு பிப்ரவரி மழை ஆட்டத்தில், கோட்டருகே பத்துப் பேர் குவியலாக விழுந்தபோது, அடியில் பந்தின்மேல் இருந்தது என் கை. எழுந்தால் முகமும் தெரியவில்லை, முதுகு நம்பரும் தெரியவில்லை, எல்லாம் ஒரே சேறு. பயிற்சியாளர் வாளியோடு ஓடிவந்து, கைக்கு எட்டியவன் முகத்தை ஸ்பாஞ்சால் துடைத்தார். அது பாரி. "அட, நீயா? சபாஷ்டா" என்றார். உடனே ஒலிபெருக்கியும் பாரி என்றது, தங்கள் பத்திரிகையும் பாரி என்றது. அவன் என் தங்கை டோரீனின் கணவன் வேறு. ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும், பந்தை இப்படித்தான் கோடு தாண்ட வைத்தேன் என்று ஓர் உருளைக்கிழங்கைத் தட்டின் விளிம்பு வரை தள்ளிக் காட்டுகிறான்.

"மச்சான், நீ அடியில பாய் மாதிரி கெடந்த. அதுவும் உதவிதான்."

"பந்து மேல என் கைடா."

"பந்து மேல யாரு கைதான் இல்ல? டோரீன், அந்தக் குழம்பை இப்படித் தள்ளு."

ஆதாரம், அந்த ஆட்டத்தைப் பற்றித் தாங்களே அச்சிட்ட படம். குவியலிலிருந்து முகமெல்லாம் சேறான ஒருவன் பந்தை அணைத்தபடி எழுந்து, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். கீழே பாரியின் பெயர். ஐயா, முன்வரிசைக்காரர்கள் ஆட்டத்துக்கு முன் பல்செட்டைக் கழற்றி, உடுப்பு பார்க்கும் வில்ஃபின் டீக் கோப்பையில் போட்டுவிட்டு இறங்குவது இந்த ஊருக்கே தெரியும். பாரியின் பல் அன்று கோப்பையில் கிடந்தது. எனக்கோ அப்போது சொந்தப் பல். ஆகவே சிரிப்பது நான். பலகையில் அவன் பெயரை அழித்து என் பெயரை எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் திரையைத் தொடமாட்டேன்.

தங்கள் வீட்டாருக்கும் அச்சுக் கோப்பவருக்கும் நீண்ட ஆயுளும், அவர்களுக்காவது சொந்தப் பல்லும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
கிளிஃபர்ட் தாக்ரே

பி.கு.: உறையை ஒட்டுமுன் என் மனைவி எட்னாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"நம்ம கல்யாணத்துல உனக்கு முன்பல் ஏது? உன் பல்செட்டு எங்கம்மா கைப்பையிலல்ல இருந்துச்சு. கேக்கை டீயில நனைச்சுத் தின்னியே" என்றாள்.

கல்யாணம் அந்த ஆட்டத்துக்கு முந்தைய செப்டம்பரில். பாரியை வரவழைத்து, இருவரும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். பற்கள் வரிசையாக, வெள்ளையாக இருந்தன. எங்கள் அணியில் அப்படிப் பல் இருந்தது ஒருவனுக்குத்தான்: ஓரத்தில் ஓடிய டெரிக் ஃபாக்ஸ்டன்.

"இவன் எப்படி மச்சான் குவியலுக்குள்ள வந்தான்?"

"வழுக்கி விழுந்திருப்பான்."

"அவன் வாயே தெறக்கலியே இத்தனை வருஷமா."

"அவன் போட்ட நூறு டிரையில இது ஒண்ணு. ஞாபகம் இருக்குமா?"

முதல் முறையாக நானும் பாரியும் ஒத்துப்போனோம். மேற்படி கடிதத்தை அச்சிட வேண்டாம். பலகையில் பாரியின் பெயரே இருக்கட்டும். திரையை நானே விலக்குகிறேன். அந்தப் படத்தை மட்டும் தயவுசெய்து இனி எங்கும் போடாதீர்கள்.