பாதித் திரைக்கு வந்த பயோடேட்டா

கவலைப்படுகிறவன் கையில் கம்ப்யூட்டரின் செட்டிங்ஸைக் கொடுக்கக் கூடாது. நான் ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறினால், காவிரிப் பாலம் முடிவதற்குள் கேஸை மூடினேனா, கதவைப் பூட்டினேனா என்று நாலு முறை வியர்த்துவிடும். (மூடியிருப்பேன். பூட்டியும் இருப்பேன். அது வேறு விஷயம்.)

அப்போது தில்லை நகரில் ஒரு ஃபிளக்ஸ் பேனர் கடையில் டிசைனர் வேலை. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், முதலாளியிடம் ப்ளஸ் டூ என்று சொல்லிச் சேர்ந்திருந்தேன். அந்தப் பொய் தினமும் என் மத்தியானச் சாப்பாட்டைத் தொண்டையிலேயே நிறுத்தியது.

ஒருநாள் இரண்டு காதணி விழா பேனர்கள் வந்தன. இரண்டிலும் மஞ்சள் பின்னணி, சமயபுரத்தில் முடியிறக்கிய மொட்டைக் குழந்தை, சுற்றிலும் மீசை வைத்த தாய்மாமன்கள். திரையின் அடிப்பட்டையில் மவுஸை வைத்தால், திறந்திருக்கும் ஃபைல்களெல்லாம் தீப்பெட்டி அளவில் எட்டிப் பார்க்குமே, அதைப் பார்த்துத்தான் நான் ஃபைலை எடுப்பேன். தீப்பெட்டி அளவில் எல்லா மொட்டையும் ஒரே மொட்டைதான். மாற்றி அனுப்பிவிட்டேன். மண்டப வாசலில் ஆறு தாய்மாமன்கள் பேனரில் தங்கள் முகத்தைத் தேடிக்கொண்டு நின்றார்களாம்.

“இன்னொரு தடவ மாறுச்சுன்னா நீ வேற கடை பாத்துக்க, சேகரு” என்றார் முதலாளி.

அன்றே ஒரு வீடியோவைப் பார்த்து அந்தக் குட்டிப் படங்களின் அளவைக் கூட்டினேன். கொஞ்சம் கூட்டினால் மீசை தெரிந்தது, பெயர் தெரியவில்லை. பெயர் தெரியும் அளவுக்குக் கூட்டினால் வேலை செய்யும் இடம் மறைந்தது. மூன்று நாள் கூட்டிக் குறைத்து, கடைசியில் பயம்தான் ஜெயித்தது: பாதித் திரை அளவு! இனி ஃபைல் மாறவே மாறாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் அதே அளவில்தான் தெரியும் என்பதை மட்டும், எல்லாவற்றுக்கும் கவலைப்படுகிற நான் யோசிக்கவே இல்லை.

அடுத்த வாரம் திருவெறும்பூரிலிருந்து ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். தொழிற்சாலையில் அவருக்குப் பணி நிறைவு விழா. வாசகத்தை முன்பே எழுதிக் கொடுத்திருந்தார்கள்; பேனரில் பிழை பார்க்க மகள் மாலதி. இருவரும் என் இரண்டு பக்கமும் உட்கார, முதலாளி பின்னால் நின்றார். பதற்றத்தில் மவுஸைக் கீழே இழுத்தேன். பாதித் திரையை அடைத்துக்கொண்டு எழுந்து நின்றது, காலையில் நான் அடித்துவைத்த என்னுடைய கல்யாண பயோடேட்டா.

(தரகருக்காக அம்மா கேட்டது. இன்னொரு பொய்யை என் உடம்பு தாங்காது என்று அதில் எல்லா உண்மையையும் எழுதியிருந்தேன்.)

அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சத்தமாகவே படித்தார். “படிப்பு, ஒன்பதாம் வகுப்பு. குணம், எதற்கெடுத்தாலும் கவலைப்படுவார். பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார்...”

மவுஸைக் கொஞ்சம் நகர்த்தினால் படம் போய்விடும். ஆனால் கை உறைந்துவிட்டது. கை அங்கேயே இருந்ததால் படமும் அங்கேயே இருந்தது.

“ஒம்பதாவதா? எங்கிட்ட ப்ளஸ் டூன்னியேடா!” என்றார் முதலாளி.

“பயத்துல சொல்லிட்டேண்ணே...”

“அதான் குணத்துலயே போட்டிருக்காரே” என்றாள் மாலதி, சிரிப்பை அடக்க முடியாமல். பிறகு முதலாளி பக்கம் திரும்பினாள். “சார், நாங்க எழுதிக் குடுத்ததுல விழாத் தலைவர் பேரே விட்டுப்போச்சு. இவர்தான் சந்தேகப்பட்டு ஃபோன் பண்ணிக் கேட்டாரு. இல்லேன்னா அப்பா மானம் போயிருக்கும்.”

முதலாளி என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். “மொதல்ல அந்தப் படத்தச் சின்னதாக்கித் தொல” என்றார். வேலை பிழைத்தது. அன்று மத்தியானம் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

விழா முடிந்த மறுநாள் அப்பா மட்டும் வந்தார். ஏதோ பெயர் மாறிவிட்டது என்று நான் அவருடைய ஃபைலைத் தேட ஆரம்பித்தேன்.

“பேனரெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. அன்னிக்கி இன்னொரு ஃபைல் தெரிஞ்சுதே, அதுல ஒரு பிரிண்ட் போட்டுக் குடுங்க. மாலதி கேட்டுச்சு.”

கல்யாணத்துக்குப் பிறகும் நான் எதையாவது மறைத்துக்கொண்டு முழித்தால், மாலதி ஆள்காட்டி விரலை என் நெஞ்சில் வைத்து, “நகராதீங்க, படிச்சிக்கிட்டிருக்கேன்” என்பாள்.

உள்ளேயிருந்து மாமனார் குரல் கொடுப்பார்: “சத்தமாப் படிம்மா!”