கலா வேண்டுமா, மேனன் வேண்டுமா

காஜா பேராங், மலாக்கா
9-7-1957

மதிப்புக்குரிய மச்சான் கலாநாதன் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை பாக்கியலட்சுமியின் கணவனும், தம்பின் ரயில் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் கிராணியாக இருந்து பென்சன் வாங்கியவனுமாகிய கணேசமூர்த்தி கை கூப்பி எழுதிக்கொண்டது. நலம், நலமறிய அவா என்று ஆரம்பிப்பதுதான் முறை. தங்கள் தங்கை என்னிடம் கோபித்துக்கொண்டு புக்கிட் ரம்பாயில் தங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கும்போது நான் நலம் என்று எழுதினால் அது பொய். தாங்கள் நலமா என்று கேட்டால் அது குத்தல். ஆகையால் இரண்டையும் விட்டுவிட்டு, தங்கள் வீட்டுக் கோழிகளின் நலம் விசாரித்து மேலே போகிறேன்.

ஒரே விஷயத்துக்காகத்தான் இந்தக் கடிதம். வருகிற சனிக்கிழமை சுதந்திரக் கோப்பை கால்பந்து இறுதி ஆட்டம். நம் காஜா பேராங் குழு பிறந்ததிலிருந்து முதல் தடவையாக இறுதி ஆட்டத்துக்கு வந்திருக்கிறது. கொண்டுவந்து சேர்த்தவர் மேனேஜர் கலாநாதன், அதாவது தாங்கள். அந்த ஆட்டத்தைத் தாங்கள் கோட்டோரம் நின்று நடத்த வேண்டும், தங்கள் தோளுக்குப் பின்னால் நின்று நான் பார்க்க வேண்டும். இத்தனை வருஷமும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். தங்கள் இடது தோள் ஏறினால் நமக்கு ஆபத்து, வலது தோள் ஏறினால் எதிரிக்கு ஆபத்து என்று படித்துப் பழகியவன் நான். பந்தைப் பார்த்து ஆட்டம் புரிந்துகொள்ள எனக்குத் தெரியாது. அன்றைக்குப் பார்த்துத் தாங்கள் கோழிக்குத் தவிடு போட்டுக்கொண்டிருந்தால் நான் யார் தோளைப் பார்ப்பது? தாங்கள் திரும்பி வர வேண்டும். தாங்கள் வந்தால் பாக்கியமும் வருவாள். அது தனி லாபம்.

பொதுக்கூட்டத்தில் நான் தங்களுக்கு எதிராகக் கை தூக்கினேன் என்று தாங்களும் பாக்கியமும் நினைக்கிறீர்கள். கை தூக்கியது உண்மை. தங்களுக்கு எதிராக என்பது பொய். சங்கக் கொட்டகைக்குள் நடந்தது வெளியே நின்ற தங்களுக்குத் தெரிய நியாயமில்லை, ஆகவே விவரமாக எழுதுகிறேன். வம்பை ஆரம்பித்தவர் நம் செயலாளர் தேவதாஸ். இறுதி ஆட்டத்துக்கு முன் மேனேஜரை ஒரு தடவை உறுதி செய்ய வேண்டும் என்பது சங்க விதி. எப்போதும் கை தட்டி முடித்துவிடுவோம். இந்தத் தடவை அவர் எழுந்து, "அடுத்த மாசக் கடைசியில நாடே சுதந்திரம் வாங்குது. நம்ம சங்கத்துல மட்டும் கை தட்டி ஆள் போடுறது வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம். ஓட்டு வேணும். ஓட்டுன்னா ரெண்டு பேர் வேணும்" என்றார். இரண்டாவது பேருக்கு எங்கே போவது? அந்த நேரம் பார்த்து, டிக்கெட் எப்போது கிடைக்கும் என்று கேட்க வாசலில் வந்து நின்றார் ரப்பர் கம்பெனி ஆபீஸில் பெரிய கிராணியாக இருக்கும் மேனன். பாவம், அவர் பெயரை எழுதிக்கொண்டார்கள். வேட்பாளர்கள் உள்ளே இருந்தால் ஓட்டு சுத்தமாக இருக்காது என்று தங்கள் இருவரையும் வெளியே நிறுத்தினார்கள். மழை கொட்டியது. எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமலே மேனன் தங்களுக்கும் சேர்த்துக் குடை பிடித்ததை நான் சன்னல் வழியாகப் பார்த்தேன்.

நம் சங்கத்தில் பாதிப் பேர் மலாக்காச் செட்டி வீட்டுக்காரர்கள் என்பது தங்களுக்குத் தெரியும். கோயிலில் நமக்கு முன்னால் நிற்பார்கள், கும்பிடுவதில் நம்மைவிடக் கெட்டி, தமிழ் மட்டும் ஓடாது, வீட்டில் பேசுவது மலாய். எல்லாருக்கும் புரியட்டும் என்று தேவதாஸ் மலாயில் ஓட்டுக் கேட்டார். "சியாப்பா மாவ் கலா?" யாருக்குக் கலா வேண்டும் என்று அவர் மனதில் அர்த்தம். ஆனால் மலாயில் கலா என்றால் தோற்பது. நம் ஆட்கள் கோட்டோரம் நின்று "கலா, கலா" என்று தங்களைக் கூப்பிடும்போதெல்லாம் எதிரிகளும் சந்தோஷமாகச் சேர்ந்து கத்துவதை நாம் எத்தனை ஆட்டத்தில் கேட்டிருக்கிறோம். யாருக்குத் தோற்க வேண்டும் என்று கேட்டால் எவன் கை தூக்குவான்? கூட்டம் கல்லாக உட்கார்ந்திருந்தது. நானும் உட்கார்ந்திருந்தேன், ஏனென்றால் ஓட்டு இன்னும் ஆரம்பிக்கவில்லை, தேவதாஸ் முதலில் நமக்கு உற்சாகம் ஊட்டுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அடுத்தபடி அவர், "சியாப்பா மாவ் மேனன்?" என்று கேட்டார். தகரக் கூரையில் மழை விழுந்த இரைச்சலில் அது மெனாங் என்று காதில் விழுந்தது. மெனாங் என்றால் ஜெயிப்பது. கொட்டகையில் இருந்த அத்தனை கையும் மேலே போயின. செட்டி வீட்டுச் சங்கரன் இரண்டு கையையும் தூக்கினான். நானும் தூக்கினேன். தங்களுக்காகத்தான் தூக்கினேன் மச்சான், தாங்கள் கோப்பை வாங்கவேண்டும் என்று தூக்கினேன். தேவதாஸ் எண்ணிப் பார்த்துவிட்டு, மேனன் ஏகமனதாகத் தேர்வு என்று அறிவித்தபோது என் கை இன்னும் இறங்கவில்லை. தாங்கள் உள்ளே வந்து, விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி மேசையில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனீர்கள்.

தப்பை மறுநாளே திருத்திவிடலாம் என்று எல்லாரையும் கோப்பிக்கடைக்கு வரச் சொன்னேன். அங்கேதான் விஷயம் கைமீறியது. "மாமா, நாமா டியா பாகூஸ்" என்றான் சங்கரன். அவர் பெயர் நல்ல பெயராயிற்றே என்கிறான். பெயரிலேயே வெற்றி இருக்கும் மேனேஜர் கிடைத்திருக்கும்போது, பெயரிலேயே தோல்வி இருப்பவரை எதற்குத் திரும்பக் கூப்பிடுவது என்று அவன் கேட்க, கடையே தலையாட்டியது. எனக்கு ரத்தம் கொதித்தது. எழுந்து நின்று மேசையைத் தட்டி, எல்லாருக்கும் புரியவேண்டுமே என்று மலாயிலேயே, "சாயா மாவ் கலா" என்றேன். எனக்குக் கலாதான் வேண்டும் என்றுதான் சொன்னேன். கோப்பி ஆற்றிக்கொண்டிருந்த கடை முதலாளி, சீனத் தவுக்கே, கையை நிறுத்திவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். எனக்குத் தோற்கத்தான் வேண்டும் என்று ஒரு மனுஷன் மேசையைத் தட்டிச் சொல்வதை அவன் அதற்கு முன் கேட்டதில்லை. கலா வந்தே தீரவேண்டும் என்றேன், அது இன்னும் மோசமாகப் போயிற்று. அந்தப் பாஷையில் உங்களுக்கு ஆதரவாக ஒரு வாக்கியம்கூடப் பேச முடியாது மச்சான், நான் எல்லா வழியிலும் முயன்று பார்த்துவிட்டேன்.

மேனனைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நல்ல மனுஷர். எனக்குப் பந்தே தெரியாது, விட்டுவிடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். யாரும் விடவில்லை. கடமை என்று வந்த பிறகு ஆபீஸ் மாதிரி நடத்துகிறார். பயிற்சியின் முதல் நாள், கோல்கீப்பர் மட்டும் கையால் தொடலாமாமே, ஒருவனுக்கு மட்டும் சலுகை கொடுத்தால் மற்றவர்கள் மனம் என்ன பாடுபடும் என்று கேட்டார். ஆட்டக்காரர் பட்டியலில் இடது ஓரம் ஆடுகிறவன் பெயருக்கு நேரே அவுட்சைட் லெஃப்ட் என்று இருந்ததைப் பார்த்து, உள்ளூர்ப் பையன்கள் இத்தனை பேர் இருக்க வெளியாள் எதற்கு என்று அந்த ஆளை நிறுத்தப் போனார். நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். பையன்கள் சிரித்துக்கொண்டு ஓடுகிறார்கள், ஆனால் ஓடும்போதே கோட்டோரம் பார்க்கிறார்கள். உங்களைத் தேடுகிறார்கள்.

இனி டிக்கெட் கதை. நம் பங்கு டிக்கெட் எல்லாம் புது மேனேஜர் கையில். உண்மையான விசுவாசிகளுக்கு மட்டும்தான் கொடுப்பது என்று தீர்மானம். உடனே யார் விசுவாசி என்று சண்டை. ஒருவர் மரத்தில் ஏறி ஆட்டம் பார்த்து விழுந்த முழங்கால் தழும்பை வேட்டியைத் தூக்கிக் காட்டினார். சங்கரன் தன் மகளுக்குக் காது குத்திய அன்றும் ஆட்டத்துக்கு வந்தவன் நான் என்றான். தேவதாஸ், ஏழு கோல் வாங்கிய அன்றுகூடக் கடைசி விசில்வரை திடலை விட்டு நகராதவன் நான் என்றார். "தூங்கிட்டீங்க, அதான் நகரல" என்று பின்னாலிருந்து ஒரு குரல். என் முறை வந்தது. நான் எத்தனை வருஷமாகக் கலாநாதன் தோளுக்குப் பின்னால் நிற்கிறேன் என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான், "மாமா கலா கட்சி" என்று வெட்டிவிட்டார்கள். ஊர் ஊராகப் போகிறவர்களுக்கெல்லாம் வாழ்நாள் முழுக்க டிக்கெட் கொடுத்த கை இது. அந்தக் கைக்கு ஒரு டிக்கெட் இல்லை.

வீட்டுக்கு வந்தால் அதே கைக்கு வேறு வழக்கு. "எங்க அண்ணனுக்கு எதிரா தூக்கின கைக்கு நான் சோறு போடணுமா?" என்று கேட்டாள் பாக்கியம்.

"மழைச் சத்தம்மா" என்றேன்.

"கல்யாணத்தன்னிக்கும் மழைதான். அப்ப மட்டும் தாலி கட்டச் சொன்னது சரியா காதுல விழுந்துச்சா?" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியவள்தான். சங்கத்தில் நான் கலா கட்சி, வீட்டில் நான் மேனன் கட்சி. கஞ்சி வைத்தேன், பசையாக வந்தது. அந்தப் பசையில்தான் இந்த உறையை ஒட்டப் போகிறேன்.

இன்னொன்றும் காதில் விழுந்தது, அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். இறுதி ஆட்டத்தில் நம்மை எதிர்க்கும் புக்கிட் காதில் குழுவினர் ஒரு காரில் உங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கியதாகக் கோப்பிக்கடையில் பேச்சு. நான் சத்தம் போட்டேன். என் மச்சான் பட்டினி கிடந்தாலும் கிடப்பாரே ஒழிய அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார் என்றேன். நானும் அப்படித்தான். காஜா பேராங்கில் குடியிருந்துகொண்டு எதிர்ப்பக்கத்துக் கோட்டில் நின்று ஆட்டம் பார்ப்பவன் மனுஷனே இல்லை, என் உடம்பில் உயிர் இருக்கும்வரை என் கால் அந்தப் பக்கம் மிதிக்காது என்று எல்லார் முன்னாலும் சத்தியம் செய்திருக்கிறேன். ஆகவே கோபத்தை விடுங்கள். மேனன் விசிலைத் துடைத்துத் தயாராக வைத்திருக்கிறார், நீங்கள் தலையைக் காட்டினால் போதும், உங்கள் கையில் திணித்துவிட்டு ஓடிவிடுவார். நீங்கள் இல்லாத ஆட்டம் எனக்கு வேண்டாம். இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

தங்கள் வீட்டு அக்காவுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு என் ஆசியையும், கோழிகளுக்கு என் அன்பையும் தெரிவிக்கவும். பாக்கியத்துக்கு என்ன தெரிவிப்பது என்று எனக்குப் புரியவில்லை, உங்களுக்கு நல்லதாகப் பட்டதை நான் சொன்னதாகச் சொல்லிவிடுங்கள். கோயில் விபூதி உள்ளே மடித்து வைத்திருக்கிறேன்.

என்றும் காஜா பேராங் பக்கமே நிற்கும்,
கணேசமூர்த்தி

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். உறையில் ராணி தலை ஸ்டாம்பை ஒட்டிக்கொண்டிருக்கும்போதே பாக்கியம் வாசலில் வந்து நின்றாள். கடிதத்தை வாங்கி முழுக்கப் படித்துவிட்டு அப்படியே கீழே உட்கார்ந்து சிரிக்கிறாள். "மழைச் சத்தம் உங்களுக்கு மட்டுமா கேட்டுச்சு? வெளிய நின்ன அண்ணனுக்கும் மெனாங்னுதான் கேட்டுச்சாம். அவரும் கையைத் தூக்கிட்டாராம். தானே தூக்கிட்டு, ஓட்டு செல்லாதுன்னு எந்த மூஞ்சியோட சொல்றதுன்னுதான் பேசாம வந்துட்டாராம்" என்றாள். குடை பிடித்திருந்ததால் மேனன் ஒருவர்தான் தனக்கு ஓட்டுப் போடவில்லை.

கார் வந்ததும் உண்மை, நீங்கள் புக்கிட் காதிலுக்கு மேனேஜராக நிற்பதாக வாக்குக் கொடுத்ததும் உண்மை என்கிறாள். கொஞ்சம் வலித்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். பிறகு அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்தப் பக்கத்து டிக்கெட் இரண்டை எடுத்து வைத்து, "அண்ணன் ஒரே ஒரு கண்டிசன் போட்டாராம். தன் தோளுக்குப் பின்னால மாப்பிள்ளை நிக்க இடம் வேணும்னு" என்றாள். அதற்கு மேல் நான் என்ன செய்வேன் மச்சான். சத்தியம் செய்தது கோப்பிக்கடையில், அதுவும் தமிழில், பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது. சங்கத்துக்கு வேறு ஆள் கிடைப்பான். கடிதத்தைக் கிழித்திருப்பேன், ஆனால் சுதந்திரம் வந்தபின் ராணி தலை செல்லுமோ செல்லாதோ, வீணாக்க மனமில்லாமல் அனுப்புகிறேன்.

சனிக்கிழமை நான் உங்கள் பின்னால் நின்று "மேனன், மேனன்" என்றுதான் கத்துவேன். தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் பெயரைச் சொன்னால் உங்கள் குழு தோற்கவேண்டும் என்று ஆகிவிடும். எதிரில் நிற்கும் நம் சங்கத்தாரும், மாமா அந்தப் பக்கம் போயும் விசுவாசத்தை விடவில்லை என்று சந்தோஷப்படுவார்கள். பாக்கியமும் வருகிறாள், இதுவரை ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை, தான் என்ன சொல்லிக் கத்துவது என்று கேட்கிறாள். அண்ணே என்று கத்து, எனக்குத் தெரிந்த எந்தப் பாஷையிலும் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது என்று சொல்லியிருக்கிறேன்.