முச்சனேட்டா குளித்த நாள்

நாயைக் குளிப்பாட்டலாம் என்றது முசெகிவாவின் யோசனை. வெளியே குளிர்கிறது, பாவம், உள்ளேயே குளிப்பாட்டுவோம் என்றதும் அவர் யோசனைதான். குளியலறைக் கதவைத் தாழிட மறந்தது மட்டும் யோசனை இல்லை. அது தானாக நடந்தது.

முச்சனேட்டா நுரையோடு கூடத்துக்கு ஓடி, சோபாவில் ஏறி நின்று, மூக்கிலிருந்து வால்வரை ஒரு சிலுப்பு சிலுப்பியது. முன்பொரு வேலிச் சண்டையில், அடுத்த வீட்டுக்காரர் காதில் விழட்டும் என்று நாய்க்கு வைத்த பெயர் அது. 'நீங்கதான் ஓய்ஞ்சு போவீங்க' என்று அர்த்தம். சண்டை தீர்ந்துவிட்டது. பெயர் மட்டும் முசெகிவாமேலேயே பலித்துக்கொண்டிருந்தது.

"பாபா ருவா!" மகள் பெயரைச் சேர்த்துக் கணவரைக் கூப்பிட்டபடி மனைவி மாய் ருவா கரண்டியோடு வந்தாள். "மதியம் நம்ம பொண்ணு ருவாவைக் கேட்டு மாப்பிள்ளை வீட்டுத் தூதுவர் வர்றார். ஞாபகம் இருக்கா?"

"அதுக்குத்தானே குளிப்பாட்டினேன்!"

"அவர் போய் மாப்பிள்ளை வீட்டுல 'நாய் நாத்தம்'னு ஒரு வார்த்தை சொல்லட்டும். நாளைக்கே இது உங்க தம்பி பண்ணைக்கு பஸ் ஏறும். சொல்லிட்டேன்."

பஸ் என்றதும் முச்சனேட்டா வாலை ஆட்டியது. முசெகிவாதான் அதை நுரையோடு இழுத்து அணைத்துக்கொண்டார். மகளும் போய்விடுவாள். அவர் சொல்லும் ஜோக்கைக் கடைசிவரை கேட்கும் ஒரே ஜீவனும் போய்விட்டால்?

நாயை வேலிக்கு அந்தப்பக்கம் கொடுத்தனுப்பிவிட்டு வேலையில் இறங்கினார். சோபாவில் சோப்புத் தூளைக் கொட்டித் தேய்த்தார். பஞ்சு ஊறி, உள்ளே உறங்கிக்கொண்டிருந்த பழைய நாற்றமெல்லாம் எழுந்து உட்கார்ந்தது. வினிகர் தெளித்தார்.

"இப்ப நாய் ஊறுகாய் மாதிரி இருக்குப்பா," என்றாள் ருவா.

கரி அடுப்பில் தைல மர இலையைப் போட்டுக் கூடத்தில் வைத்தார். புகையைப் பார்த்த அடுத்த வீட்டுக்காரர் வேலி தாண்டி ஓடிவந்து, ஒரு வாளித் தண்ணீரைச் சோபாமேல் ஊற்றினார்.

"தீ இல்லப்பா! நாத்தம் போகத்தான்... இப்ப அடிக்குதா?"

"வீடு வீடாத்தான் இருக்கு, அண்ணே," என்று சொல்லி அவர் வாளியோடு நழுவினார்.

பெண் வீட்டுச் சார்பில் உட்கார வந்திருந்த தன் அக்காவிடம் கேட்டார். "எனக்குச் சளி, தம்பி," என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முசெகிவாவின் மூக்கோ நாயோடு பழகிப் பழகி வேலைநிறுத்தம் செய்து பல வருஷமாகிறது.

கடைசியில் சோபாவையே கொல்லைக்கு இழுத்துப்போட்டு, தரையைக் கழுவி, பாய் விரித்தார்கள். மாய் ருவா மூலை மூலையாக முகர்ந்தாள். "இப்ப புகை மட்டுந்தான். தப்பிச்சீங்க."

தூதுவர் வந்தார். கோட்டு, டை. வாசலருகே பாயின் நுனியில் உட்கார்ந்து, கை குவித்து மெல்லத் தட்டி வணங்கினார். மாய் ருவாவின் மூக்கு விடைத்தது. கணவரைப் பார்த்து, சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள்: "நாய்!"

முசெகிவா பாயைக் குனிந்து முகர்ந்தார். தூதுவரும் சும்மா இல்லை. தோள்பக்கம் தலையைச் சாய்த்து முகர்ந்தார். நெளிந்தார். ஜன்னலை ஏக்கமாகப் பார்த்தார்.

கேட்டுவிடலாம் என்றால் முடியாது. வழக்கப்படி, மரத்தட்டில் தூதுவர் போடும் வாய் திறப்புப் பணம் விழும்வரை பெண் வீட்டார் வந்தவரிடம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. தட்டு அக்காவின் முன்னால் இருந்தது. தூதுவர் கோட்டுப் பையில் கைவிட்டார். நிறுத்தினார். மறுபடி முகர்ந்தார்.

போச்சு, எழுந்து போகப்போகிறார் என்று நினைத்தார் முசெகிவா. கண்முன்னே பஸ் கிளம்பியது. பின் ஜன்னலில் முச்சனேட்டா.

"ஐயா, நாய் நாத்தம் அடிக்குதா இல்லையா? யாராவது ஒருத்தராவது உண்மையைச் சொல்லுங்களேன்!"

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி! காசு விழறதுக்கு முன்னாடி இலவசமா வாயைத் திறந்துட்டியே! நம்ம பரம்பரையிலேயே இப்படி ஒருத்தன் செஞ்சதில்ல!"

"அவர் பொண்ணை வேணாம்னு போனா தட்டை வச்சுக்கிட்டு என்னக்கா பண்றது?"

தூதுவர் தலைகுனிந்தார். கோட்டுக் கையிலிருந்து ஒரு பழுப்பு முடியைக் கிள்ளி எடுத்தார்.

"அடிக்குது, பாபா. ஆனா அது உங்க வீடு இல்ல, நான்தான். மாப்பிள்ளை தெருமுனையில கார்ல இருக்கார், அவரோட நாய் வழிபூரா என் மடியிலதான் வந்துச்சு. பொண்ணைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி, அந்த வீட்டுல நாயைச் சேர்ப்பாங்களான்னு கேட்டுட்டு வரச்சொன்னார்."